மணிலாவில் ஒரே தெருவுக்கு இரண்டு பெயர்

மணிலா போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே ரிசால், மாபினி, பொனிஃபாசியோ என்று விடுதலை வீரர்கள் பெயரில் ஊருக்கு ஊர் தெரு உண்டு. நம் ஊரில் காந்தி ரோடு மாதிரிதான். அதனால் டாக்சி செயலியில் 'மாபினி தெரு' என்று மட்டும் போடாதீர்கள்; எர்மிட்டாவா, கலோக்கானா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம் பழைய பெயர்கள். மகாத்தியிலுள்ள கில் புயாட் அவென்யூவைப் பலரும் இன்னும் 'புவெந்தியா' என்றே சொல்கிறார்கள். ஜீப்னி என்னும் அங்கத்திய சிற்றுந்தின் முன்பலகையிலும் அதுதான் எழுதியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், எல்.ஆர்.டி-1 நகர ரயில் பாதையில் 'கில் புயாட்' என்றொரு நிலையம், எம்.ஆர்.டி-3 என்னும் இன்னொரு ரயில் பாதையில் 'புவெந்தியா' என்றொரு நிலையம். சாலை ஒன்று, நிலையங்கள் வேறு. முதலாவது பசாய் நகரில், டாஃப்ட் அவென்யூ மேல். இடையே நடப்பதற்கு வெயிலில் தெம்பு வேண்டும். ஏறுமுன் பாதையின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் 'எட்சா' என்று சொல்லும் பெரிய சாலையும் ஓர் ஆளின் பெயரின் சுருக்கம்தான்: எபிஃபானியோ டெ லாஸ் சாந்தோஸ். போர்வீரர் அல்ல, வரலாற்றறிஞர். முன்பு அது வெறும் 'நெடுஞ்சாலை 54'.