மவுஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்

ஓர் இணையதளத்தின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்பதைச் சோதிக்க உட்கார்ந்தால், முதல் வேலையாக மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவேன். எட்டும் தூரத்தில் இருந்தால் கை தானாகப் போய்விடும்.

மவுஸைப் பிடிக்க முடியாதவர்களைப் போல, இனி டேப் விசைதான். முகப்பில் தொடங்கி, ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும் வரை போய்ப் பாருங்கள். ஒவ்வோர் அழுத்தத்திலும் எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிற்கும் இடத்தைக் காட்டும் சுற்றுக்கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று அழித்துவிடும் வடிவமைப்பாளர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. திடீரென்று திறக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, எந்த விசையை அழுத்தியும் வெளியே வர முடியவில்லையா? அது அடிப்படையான 'ஏ' நிலையிலேயே தோல்வி. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். பெரும்பாலும் கேட்கப்படுவது ஏஏ.

அடுத்து திரைவாசிப்பான், அதாவது பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள். விண்டோஸில் என்விடிஏ இலவசம். திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். ஒன்றும் அகப்படாவிட்டால், தலைப்பு என்று தெரிவதெல்லாம் வெறும் தடித்த எழுத்துதான். படிவத்தை வேண்டுமென்றே காலியாக அனுப்புங்கள். கட்டம் சிவப்பாக மாறி, காதுக்கு ஒன்றும் கேட்கவில்லையென்றால் பிழை இருப்பதே அந்தப் பயனருக்குத் தெரியாது.

பக்கத்தைத் தாமே அலசி மதிப்பெண் கொடுக்கும் தானியங்கிக் கருவிகளைக் கடைசியில்தான் தொடுவேன். நான் சோதித்த ஒரு தளத்துக்குக் கருவி நூற்றுக்கு நூறு கொடுத்தது. அங்கே படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரை 'படம் 1', 'படம் 2' என்று போய்க்கொண்டிருந்தது. உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அதற்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்காது. அதே தளத்தில் தமிழ்ப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் சொல்லும் மொழிக்குறி, ஆங்கிலம் என்றிருந்தது. திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் வாசித்தது. கருவிக்கு அதுவும் செல்லுபடியாகும் குறிதான்.

ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டைக் கருவியிடமே விடுங்கள், நம் கண் ஏமாற்றும். ஏஏ நிலைக்கு அந்த ஒளி விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும். 1280 பிக்சல் அகலச் சாளரத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, ஒரு வரியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவுசெய்த காணொளிக்கு வசன வரி வேண்டும்.

குறையை எழுதும்போது பக்கம், அழுத்திய விசைகள், நடந்தது, மீறப்பட்ட விதியின் எண், எல்லாம் இருக்கட்டும். 'அணுக முடியவில்லை' என்று மட்டும் எழுதினால், தன் கணினியில் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நிரலாளர் பதில் அனுப்புவார்.