செடி, பூனை, குளக்கரை: என்ன வரைவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு நோட்டுப் பயிற்சி

வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால், இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம் என்றுதான் கை போகும். பள்ளியில் பழகியதை அது திரும்பப் போடுகிறது. புதிதாக ஒன்று வரவேண்டுமென்றால் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கு மொட்டைமாடித் தொட்டி, வீட்டுப் பூனை, பக்கத்து ஏரி மூன்றும் போதும்.

வேண்டியவை

கோடு போடாத ஏ5 நோட்டு ஒன்று. தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இருந்தால் லேசாக ஈரம் பட்டாலும் தாங்கும். ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, ஒரு மெழுகு கிரேயான், நாலைந்து மெல்லிய ஜெராக்ஸ் தாள். அழிரப்பரை எடுக்கவே வேண்டாம். அது கையில் இருந்தால் வரைவதைவிட அழிப்பதில்தான் நேரம் போகும்.

1. செடியிலிருந்து தொடங்குங்கள்

ஒற்றை அடுக்குச் செம்பருத்தி நல்ல தொடக்கம். காலையில் விரிந்து மாலைக்குள் வாடத் தொடங்கும் என்பதால் பத்து மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் மூன்று நிமிடம் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் இதழின் ஓரத்தில் மெதுவாக நகர, பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும்.

அடுத்த பத்து நிமிடம் பார்த்துப் பார்த்து வரையுங்கள். ஐந்து இதழையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தது போல வரைவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உற்றுப் பாருங்கள்: ஒவ்வோர் இதழின் ஓர் ஓரம் பக்கத்து இதழின் மேலே ஏறியிருக்கும், மறு ஓரம் அடுத்ததன் அடியில் போயிருக்கும். இந்தச் சுழற்சி பிடிபட்டால் பூ தட்டையாகத் தெரியாது. நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிறு குமிழ்கள், அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பைகள். எண்ணிப் பார்த்துப் போடுங்கள்.

பிறகு இலைப் பதிவு. அரச இலையும் பூவரச இலையும் நரம்பு எடுப்பாக உள்ளவை. நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே தெரியும்படி இலையை வைத்து, மேலே ஜெராக்ஸ் தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். அரச இலையைப் பறித்தவுடன் காம்பில் பால் வடியும். துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் செய்தித்தாளுக்கு நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும். பதிவு மங்கலாக வந்தால் தாள் தடிமனாக இருக்கிறது என்று பொருள். முருங்கை இலையில் முயல வேண்டாம். அது மிகச் சிறியது, மிக மென்மையானது.

2. சங்குப்பூ நீலம்

விருப்பமிருந்தால் நிறத்தையும் செடியிலிருந்தே எடுக்கலாம். நீலச் சங்குப்பூ 10 அல்லது 12 எடுத்து, பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். இதை மூன்று மூடியில் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பச்சை தட்டும். எலுமிச்சையின் புளிப்புக்கும், சோடா, சுண்ணாம்பு போன்றவற்றின் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறும் சாயம் அந்தப் பூவில் இருக்கிறது. சில தாள்களில் தீட்டியதும் நீலம் தானாகவே பச்சைப் பக்கம் சாய்வதும் இதனால்தான்: தாளில் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கும். வெயில் பட்டால் வெளுத்துவிடும், அதனால் சுவரில் மாட்டும் படத்துக்கு இது ஆகாது.

3. பூனை

தூங்கும்போது வரையுங்கள். ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பூனை புரண்டு படுத்தால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். முன்பு படுத்திருந்த நிலைக்கே அது பெரும்பாலும் திரும்பிவரும். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வரிசை இதுதான்: முதலில் உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், அடுத்து காதிலிருந்து வால்வரை முதுகுக் கோடு, கடைசியில் தலை. மயிரை விட்டுவிடுங்கள். மயிரில் தொடங்குகிறவர்களின் பூனை பஞ்சு உருண்டையாகிவிடுகிறது. நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே முறைதான்.

4. ஏரிக்கரைக்கு ஒரு மணி நேரம்

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் போன்ற இடங்களில் பறவைக் கூட்டம் நிறைய இருக்கும். ஆனால் தொடக்கத்தில் கூட்டம் தொந்தரவுதான். எதைப் பார்ப்பது என்றே தெரியாது. தண்ணீர் நிற்கும் உள்ளூர்க் குளமே போதும்.

அசையாமல் நிற்கும் பறவையைத் தேர்ந்தெடுங்கள். நீர்க்காகம் முங்கி எழுந்தபின் இறக்கையை விரித்து உலர்த்தும், பல நிமிடம் அப்படியே நிற்கும். மடையான் கரையோரச் சேற்றுநிறத்தில் கல் மாதிரி காத்திருக்கும். பறந்தால் திடீரென்று வெள்ளை இறக்கை தெரியும். மீன்கொத்தி பறந்தாலும் அதே கிளைக்குத் திரும்புவது வழக்கம், காத்திருங்கள். முழுப் பறவை வேண்டாம், நிழலுரு மட்டும் போதும். நிறங்களை வார்த்தையில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் படமெடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அங்கே கண் வேலை செய்யாது.

5. மூன்றையும் கலப்பது

யோசனை பிறப்பது இந்த இடத்தில்தான். ஒரு பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: வடிவம், உள்கோடு, நிறம். நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றிலும் ஐந்து எழுதுங்கள். விரித்த இறக்கை, பூனை முதுகு, இதழ்ச் சுழற்சி வடிவத்தில் வரும். அரச இலை நரம்பு, தண்ணீர் நெளிவு உள்கோட்டில் வரும். கண்ணை மூடிப் பத்திக்கு ஒன்றைத் தொடுங்கள். நீர்க்காக இறக்கைக்குள் அரச இலை நரம்பு, சங்குப்பூ ஊதாவில் என்று வந்தால் அதையே 5 செ.மீ. சதுரங்களில் நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள்.

நெரிசலாகத் தெரிந்தால் உள்கோட்டைக் குறையுங்கள், வடிவத்தைத் தொடாதீர்கள். நான்கில் மூன்று தேறாது. தேறிய ஒன்றை ஜெராக்ஸ் தாளில் படியெடுத்து, அதன் பின்பக்கத்தை 2பி பென்சிலால் கருக்கி, பெரிய தாளின் மேல் வைத்துக் கோட்டின்மேல் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி ஓட்டுங்கள். அடியில் பிரதி விழும். படியெடுத்த தாளைச் சுழற்றிச் சுழற்றி நான்கு முறை வைத்தால் தலையணை உறைக்கோ வாசல் கோலத்துக்கோ ஆகும் ஒரு வடிவம் கிடைத்துவிடும்.