குவாண்டமும் குறியாக்கமும்: தகவல் அமைப்பு மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது

குவாண்டம் பாடத்தைப் பூனையில் ஆரம்பிக்காதீர்கள். பெட்டிக்குள் உயிரோடும் செத்தும் இருக்கும் பூனை, ஒரே நேரத்தில் 0, 1 இரண்டுமாக இருக்கும் கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) என்று முதல் வகுப்பிலேயே இறங்கினால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள், ஆனால் வெளியே போனதும் இதை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியாது. தகவல் அமைப்புகள் படிப்பவர்கள் இயற்பியலுக்கு வந்தவர்கள் இல்லை. நாளைக்கு ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ நகராட்சியிலோ உட்கார்ந்து, எந்தத் தகவல் எங்கே கிடக்கிறது, யார் பார்க்கலாம், எத்தனை வருடம் காக்க வேண்டும் என்று முடிவெடுக்கப் போகிறவர்கள். அதனால் தகவலில் ஆரம்பியுங்கள்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் எடுப்பது அடையாள எண்ணை. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள், முதல் ஆறு பிறந்த தேதி. கடவுச்சொல்லைப் போல அதை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது. இது எத்தனை வருடம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆயுள் முழுக்க என்பார்கள். சரி, வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி)? சில நிமிடம். கிளினிக்கில் இருக்கும் எச்ஐவி பரிசோதனை முடிவு? இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வகுப்பே ஒரு கணம் யோசிக்கும். பலகையில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் தகவல், மறுபக்கம் வருடம் என்று எழுதிக்கொண்டே போங்கள். பாடத்தின் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் ஆபத்தைச் சொல்லுங்கள். இணையத்தில் போகும் குறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிய தகவலை இன்றைக்கே பிடித்துச் சேமித்துவைத்து, அதை உடைக்கும் குவாண்டம் கணினி வந்த பிறகு திறந்து பார்க்கலாம். பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சாவி செய்யும்வரை வீட்டில் வைத்துக்கொள்வது போலத்தான். ஒருமுறைக் குறியீடு அதற்குள் செல்லாமல் போயிருக்கும். பரிசோதனை முடிவு அப்படி இல்லை.

எந்தப் பூட்டு உடையும், எது உடையாது என்பதை இங்கே தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள், மாணவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ, சாவியைப் பரிமாறவும் டிஜிட்டல் கையெழுத்துப் போடவும் பயன்படும் பூட்டு. அது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைப் பிரிப்பது கடினம் என்பதில் நிற்கிறது. 1994இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி இருந்தால் அதை வேகமாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். அதே வேலைகளுக்குப் பயன்படும் நீள்வளையக் குறியாக்கமும் அதே வழியில் விழும். தகவலையே பூட்டும் ஏஇஎஸ் அப்படி விழாது. 1996இல் வந்த குரோவர் என்ற குவாண்டம் தேடல் வழிமுறை அதன் பலத்தைக் காகிதத்தில் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். 256 பிட் சாவி போட்டால் பாதியானாலும் 128 பிட் பலம் மிஞ்சும், கவலை இல்லை. ‘அப்போ பேங்க் எல்லாம் போச்சா, அண்ணா?’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். போகவில்லை, சாவியைப் பரிமாறும் பகுதியும் கையெழுத்துப் பகுதியும்தான் மாற வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஷோர் வழியை வெறும் பெயராகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், 15 என்ற எண்ணை வைத்துக் கையாலேயே செய்யவையுங்கள். 2இன் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியைப் போடச் சொல்லுங்கள்: 1, 2, 4, 8, மறுபடி 1, 2, 4, 8. நாலு படிக்கு ஒருமுறை திரும்புகிறது. அந்த 4இல் பாதி 2. 2இன் 2ஆம் அடுக்கு 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3, கூட்டினால் 5. மூவைந்து பதினைந்து! பென்சிலோடு இருக்கும் பிள்ளைகள் முகத்தில் அந்த இடத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம். வீட்டுக்கு 21 கொடுங்கள்: மீதிகள் 1, 2, 4, 8, 16, 11 என்று போய் ஆறு படியில் திரும்பும், பாதி 3, 2இன் 3ஆம் அடுக்கு 8, அதிலிருந்து 7ம் 9ம் வரும், அவற்றுக்கும் 21க்கும் உள்ள பொதுக் காரணி 7ம் 3ம். மீதிகள் எத்தனை படிக்கு ஒருமுறை திரும்புகின்றன என்று கண்டுபிடிப்பது மட்டும்தான் குவாண்டம் கணினியின் வேலை, மற்றதைச் சாதாரணக் கணினியே செய்துவிடும். 15க்கு நாலு படி. 2048 பிட் ஆர்எஸ்ஏவில் வரும் 617 இலக்க எண்ணுக்கு அந்தச் சுழற்சியை எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தச் சாதாரணக் கணினியாலும் ஆகாது.

கியூபிட் பற்றி இதற்குப் பிறகு பேசுங்கள், பத்து நிமிடம் போதும். எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதை எடுத்துக்கொடுக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது தப்பு. அளந்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். தவறான விடைகளின் வீச்சுகள் (ஒவ்வொரு விடைக்கும் உள்ள, கூட்டவும் கழிக்கவும் முடிகிற எண்கள்) கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று அழித்து, வேண்டிய விடையின் வீச்சு மிஞ்சும்படி கணக்கை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது.

நிலவரத்தை உள்ளபடி சொல்லுங்கள், பயமுறுத்தவும் வேண்டாம், தூங்கவைக்கவும் வேண்டாம். 2001இல் ஐபிஎம் ஏழு கியூபிட்டை வைத்து 15ஐப் பிரித்தது. 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க இரண்டு கோடி கியூபிட்டும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டார்கள். 2025இல் அது பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட், ஒரு வாரத்துக்குள் என்று இறங்கியது. அப்படிப்பட்ட கணினி இன்னும் கட்டப்படவில்லை, ஆனால் தேவை குறைந்துகொண்டே வருகிறது.

மாற்றுப் பூட்டுகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளை வெளியிட்டது: சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், கையெழுத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. இவற்றைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போன சைக் என்ற முறையை 2022இல் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். இதை அவசியம் சொல்லுங்கள். ஏனென்றால் நிரலுக்குள் ஒரே முறையைப் பதித்துவைக்காமல், நாளைக்கு மாற்ற முடிகிற மாதிரி அமைப்பதுதான் இந்த மாணவர்கள் செய்யப்போகும் உண்மையான வேலை.

கண்ணால் பார்க்கவும் வையுங்கள். குரோமில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போனால், சாவிப் பரிமாற்றம் எந்த முறையில் நடந்தது என்று காட்டும். எக்ஸ்25519 என்ற பழைய நீள்வளைய முறையின் பெயரோடு எம்எல்-கெம்768 என்றும் ஒட்டிக்கொண்டு வந்தால் புதிய பூட்டும் சேர்ந்து போட்டிருக்கிறது. கணினியில் ஓடும் குரோம் 2024 ஏப்ரலிலிருந்தே இந்த வகைக் கலப்பு முறைக்குத் தயாராக இருக்கிறது, மறுமுனையில் இருக்கும் சேவையகமும் தயாராக வேண்டும். பழைய முறைக்கு 32 பைட் பொதுச்சாவி, எம்எல்-கெம்768க்கு 1184 பைட். பழைய சாதனங்கள் ஏன் முரண்டுபிடிக்கும் என்று இதிலிருந்தே புரியவைக்கலாம்.

குவாண்டம் சாவிப் பகிர்வு வேறு விஷயம், கலந்துவிடாதீர்கள். அது விஞ்ஞானிகள் பென்னட், பிரசார்ட் 1984இல் சொன்னது: ஒளித்துகள்களில் சாவியை அனுப்பினால் நடுவில் ஒட்டுக்கேட்பவர் பிழைகளை விட்டுச் செல்வார். நம் ஊரிலேயே அது ஓடியது. 2010 உலகக் கோப்பையின்போது மோசஸ் மபிடா மைதானத்திலிருந்து போன ஒரு தகவல் இணைப்பை க்வாசுலு-நடால் பல்கலைக்கழகக் குழு இந்த முறையில் பாதுகாத்தது. அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். எம்எல்-கெம் வெறும் மென்பொருள், இருக்கிற கணினியிலேயே ஓடும், பெரும்பாலான நிறுவனங்களுக்கு வேண்டியது அதுதான்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஒரு கற்பனைக் கிளினிக்கைக் கொடுத்து, குறியாக்கம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்: விபிஎன், காப்புப்பிரதி, அட்டை இயந்திரம், சம்பளக் கோப்பு, ஆய்வகத்துக்குப் போகும் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் ரகசியம் காக்க வேண்டிய வருடத்தையும் மாற்றி முடிக்க ஆகும் வருடத்தையும் கூட்டச் சொல்லுங்கள். குவாண்டம் கணினி வர ஆகும் என்று அவர்களே நினைக்கும் வருடத்தைவிட அந்தக் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால், அந்த அமைப்பு இப்போதே தாமதம். குறியாக்க ஆய்வாளர் மைக்கேல் மோஸ்கா சொன்ன கணக்கு இது. தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 19ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு நியாயமான தொழில்நுட்பப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. எதை முதலில் மாற்ற வேண்டும் என்று அந்தப் பிரிவை வைத்து கிளினிக் நிர்வாகிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், கியூபிட் என்ற சொல்லே வராமல்.