பழைய மட் டயர் வாங்கப் போகிறீர்களா? பூவை மட்டும் பார்க்காதீர்கள்

மழை பிடித்துக்கொண்டால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், சேற்றில் ஓட்டுவதற்கான பழைய மட் டயரைத் தேடி அலைபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை ஒரே மழையில் குழைந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றும் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி சாதாரண டயரில் மேடு ஏறாது. புதிதாக நான்கு வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பழையது வாங்குவது தப்பில்லை, பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு.

டயரில் தரையைப் பிடிக்கும் மேடு பள்ளமான பட்டனை மலாயில் 'புங்கா', அதாவது பூ என்பார்கள். கடைக்குப் போனதும் நாம் குனிந்து பார்ப்பது அந்தப் பூவைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். பட்டன் நல்ல ஆழம், கறுகறுவென்று பளபளப்பு. மூன்றாம் மாதம், தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது, பின் டயரின் பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. வண்டியில் தம்பி மகனும் இருந்தான். மெதுவாக வந்ததால் தப்பித்தோம். ரிம்மிலிருந்து கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி ரப்பர் தூள் கொட்டியது. பக்கச் சுவரின் உட்புறத்தில் வளையம் போட்டதுபோல் ரப்பர் அரைபட்டு, டயருக்குப் பலம் கொடுக்கும் உள் நூல் தெரிந்தது.

காரணம் இதுதான். சேற்றில் பிடி கிடைக்கக் காற்றை 15, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவார்கள். மெதுவாக ஓட்டும்வரை அதில் கெடுதல் இல்லை. காட்டை விட்டு வெளியே வந்தபின் காற்றடிக்காமல் அப்படியே தார் ரோட்டில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் மடங்கி விரிந்து சூடேறும். உள் நூல் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ரிம்மில் மாட்டிய நிலையில் பழைய மட் டயரை வாங்கவே வாங்காதீர்கள். "அண்ணே, கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே முழுச் சுற்றும் பாருங்கள். விரலில் தூள் ஒட்டினாலோ, சுற்றுக் கோடு தெரிந்தாலோ, அந்த டயர் வேண்டாம். ரிம்மில் உட்காரும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கடப்பாரை போட்டு நெம்பி அங்கே கம்பி வெளியே வந்திருந்தால் காற்று நிற்காது.

உள்ளே பார்க்கும்போதே பஞ்சர் ஒட்டுகளையும் எண்ணிவிடுங்கள். பட்டன் பகுதியில் ஒன்றிரண்டு ஒட்டு இருந்தால் பரவாயில்லை. பக்கச் சுவரில் ஒரே ஒரு ஒட்டு இருந்தாலும் விட்டுவிடுங்கள். செம்பனை மட்டையின் முள் அங்கேதான் ஏறும், உடைந்து உள்ளேயே தங்கியும் விடும்.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மட் டயரில் ஒரு சிக்கல் உண்டு. மாதம் ஒருமுறை காட்டுக்குப் போகும் வண்டியில் பட்டன் தேயவே தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். பழைய டயரில் பட்டன் புதிதுபோல் இருந்தால் நான் முதலில் தேடுவது அந்த நான்கு இலக்கத்தைத்தான். பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு ஆனதும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலில் வெளியே அடுக்கிக் கிடந்த டயரென்றால் 6 ஆண்டுக்கு மேல் நான் தொடமாட்டேன். இறுகிய ரப்பர் மழை நேரத் தார் ரோட்டில் வழுக்கும். மட் டயருக்கு அங்கே ஏற்கெனவே பிடி குறைவு. ஈரத்துணியால் பாலிஷைத் துடைத்துவிட்டு, இரண்டு பட்டனை விரலால் அகட்டி அடியில் பாருங்கள். வெடிப்பு முதலில் தெரிவது அங்கேதான்.

செலுப் டயரையும், அதாவது தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டியதையும், அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பட்டனும் பக்கச் சுவரும் சேரும் தோளில், புது ரப்பர் ஒட்டிய கோடு சுற்றிலும் ஓடும். லாரிகளில் ஓடுகிறது, சரி. தோட்டத்துக்குப் போகும் வண்டியிலேயே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகிறவர் அதை மாட்ட வேண்டாம். தேய்ந்த பட்டனைச் சூட்டுக் கத்தியால் ஆழப்படுத்தி விற்பதும் உண்டு. பள்ளத்தின் அடி கரடுமுரடாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், இரண்டு இங்கே இரண்டு அங்கே என்று சேர்ப்பது. முன் டயரைவிடப் பின் டயரில் பட்டன் 5 மில்லிமீட்டர் அதிகம் என்று வையுங்கள். விட்டத்தில் 10 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். 31 அங்குல டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 தடவை சுழலும். ஆக, முன்னும் பின்னும் 12 மீட்டருக்கு மேல் ஒத்துப்போகவில்லை. ஃபோர்வீல் போட்டதும் அத்தனை இழுபறியையும் கியர்தான் தாங்க வேண்டும். நான்கும் ஒரே வகை, ஒரே தேய்மானமாக இருக்கட்டும்.

உள் நூல் நேர்குறுக்காக ஓடும் ரேடியல் டயரையும், சாய்வாக ஓடும் பயாஸ் டயரையும் கலக்கவும் கூடாது. கமுண்டிங்கில் தொழிற்சாலை வைத்த சில்வர்ஸ்டோன் நிறுவனத்தின் எம்டி-117 காட்டில் பேர் வாங்கிய டயர், ஆனால் அதில் பயாஸ் வகை உண்டு. அளவு எண்களுக்கு நடுவே 'ஆர்' எழுத்து இருந்தால் ரேடியல், சிறு கோடு இருந்தால் பயாஸ். ஒரே அச்சில் இரண்டும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பெரிய டயர் ஆசையும் வேண்டாம். 31 அங்குலம் இருந்த இடத்தில் 33 போட்டால் மட்கார்டில் உரசும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும், வேக மீட்டர் 90 காட்டும்போது வண்டி 96இல் ஓடும். குலை ஏற்றுகிறவர்கள், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமை எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

மாட்டியதும் முழுக் காற்று அடித்து, விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் திரும்ப அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.