அயர்லாந்து வரலாறு: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது, பத்து லட்சம் பேர் செத்தார்கள். 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தை இப்படி ஒரே மூச்சில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. அதே நோய் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வந்தது. அங்கே சாவு இந்த அளவுக்குப் போகவில்லை. ஐரிஷ் ஏழைகள் கிழங்கைத் தின்று, ஓட்ஸையும் பன்றியையும் விற்றுக் குத்தகை கட்டினார்கள். கிழங்கு அழுகிய பிறகும் ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின. அதற்காக, உள்ளே எதுவுமே வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 1847-இல் ஏற்றுமதியைவிட அதிகமாகவே தானியம் வந்து இறங்கியது. வாங்கத்தான் கையில் காசில்லை.

அந்த ஆண்டு நிவாரணச் சட்டத்தில் வில்லியம் கிரிகரி என்ற எம்.பி. ஒரு விதியைச் சேர்த்தார். கால் ஏக்கருக்கு மேல், அதாவது 25 சென்ட்டுக்கு மேல், குத்தகை நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு. விட்டவர்களில் பலருடைய குடிசையையும் நிலக்கிழார்கள் சேர்த்தே இடித்தார்கள். இதே கிரிகரிதான் 1872-இல் இலங்கை ஆளுநராக வந்தவர். நுவரெலியாவில் படகு விடுகிறார்களே, அந்த ஏரி இவர் பெயரில்தான் இருக்கிறது. நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் சென்னைக்கு ஆளுநர். பஞ்சத்தால் இவர்கள் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை!

அடுத்து, பிரிட்டனை எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர், ஆதரித்தவர்கள் புராட்டஸ்டன்ட் என்று எல்லாவற்றையும் மதச் சண்டையாக்குவது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த வுல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். சுயாட்சி கேட்ட பார்னெலும் அப்படியே. நிலமும் அதிகாரமும் யார் கையில் என்ற கேள்வியை விட்டுவிட்டு மதத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவரையும் எங்கே வைப்பது?

அல்ஸ்டர் என்ற பழைய வடக்கு மாகாணமும், பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தும் ஒன்றல்ல. அல்ஸ்டரில் 9 கவுன்ட்டிகள் (மாவட்டம் போன்றவை), வட அயர்லாந்தில் 6. டொனிகால், கேவன், மொனகன் மூன்றும் பிரிட்டனிலிருந்து பிரிந்த தெற்கு அயர்லாந்தோடு போய்விட்டன.

அப்புறம், ஐரிஷ்காரர்கள் எல்லாரும் நம் பக்கம் என்ற நினைப்பு. ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த பஞ்சாப் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'டுவயர், டிப்பரரியில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர். மறு ஆண்டு, 1920-இல், அதே பஞ்சாபின் ஜலந்தரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவில் சிப்பாய்கள் வேலை செய்ய மறுத்துக் கலகம் செய்தார்கள். கலகத்துக்காக ஜேம்ஸ் டேலி என்ற சிப்பாய்க்கு மரண தண்டனை விதித்துச் சுட்டுக் கொன்றது பிரிட்டிஷ் ராணுவம். கலகக்காரர்கள் எதிர்த்தது அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை செய்த அட்டூழியத்தை. பஞ்சாபில் நடந்ததை அல்ல.