ஒளிர்ந்ததெல்லாம் அயனி அல்ல: செல்லுக்குள் உலோகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியில் செல் பச்சையாக மின்னியதுமே 'துத்தநாகம் கூடியிருக்கிறது' என்று முடிவுகட்டுவதுதான் ஒளிர் உணரிகளை (குறிப்பிட்ட உலோக அயனியைப் பிடித்தால் ஒளி மாறும் சாயங்களை) கையாள்வதில் முதல் தவறு. சாயம் ஒரு செல்லில் அதிகமாகப் புகுந்திருந்தாலும் ஒளி கூடும். அமின் தொகுதி கொண்ட உணரிகள் பல, புரோட்டானைப் பிடித்தாலே ஒளிரும். செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமின் பிஎச் 5-க்கும் கீழே இறங்கக்கூடியது என்பதால், அங்கே தெரியும் புள்ளிகள் வெறும் அமிலத்தின் வேலையாக இருக்கலாம்.

இதைச் சோதித்துவிடலாம். துத்தநாகத்தை இறுகப் பற்றும் டிபிஇஎன் (TPEN) என்ற சேர்மம் செல் சவ்வைக் கடந்து உள்ளே போகும்; அதைச் சேர்த்தால் ஒளி மங்க வேண்டும். துத்தநாகத்தைச் சவ்வு தாண்டி உள்ளே கொண்டுசெல்லும் பைரித்தியோனுடன் அதைக் கொடுத்தால் ஒளி ஏற வேண்டும். இரண்டையும் காட்டாத படத்தை நான் நம்புவதில்லை. டிபிஇஎன் தாமிரத்தையும் இரும்பையும்கூடப் பற்றும், நீண்ட நேரம் விட்டால் செல்லையே கொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது பிரிகை மாறிலி, அதாவது சாயத்தில் பாதி அயனியைப் பிடித்திருக்கும் செறிவு; அளக்க வேண்டிய அளவு அதற்கு அருகில் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லின் சைட்டோசாலில் (உள்திரவத்தில்) கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார் (ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). 1985-இல் ரோஜர் சியென் குழு வெளியிட்ட கால்சியச் சாயமான ஃபியூரா-2-இன் மாறிலி ஏறத்தாழ 200 நானோமோலார் என்பதால் அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கால்சியம் பல நூறு மைக்ரோமோலார் உள்ள எண்டோபிளாச வலையில் (செல்லின் கால்சியக் கிடங்கில்) அதே சாயம் முழுதும் நிரம்பி, மாற்றத்தைக் காட்டாது. துத்தநாகத்தில் நிலைமை தலைகீழ். கட்டற்ற அயனி பெரும்பாலும் பிக்கோமோலார் (நானோமோலாரில் ஆயிரத்தில் ஒன்று) அளவில்தான் இருக்கிறது. மைக்ரோமோலார் உணரியை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து 50 மைக்ரோமோலார் துத்தநாகத்தைக் கொட்டிவிட்டு, 'உயிருள்ள செல்லில் கண்டறிந்தோம்' என்பது கொட்டியதைக் கண்டதுதான்.

உணரி எந்த அயனிக்கு எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒப்பிடும் தேர்வுத்திறன் பட்டை வரைபடங்களிலும் ஒரு கண் வையுங்கள். எல்லா அயனிகளையும் ஒரே செறிவில் சோதித்தால் படம் அழகாக இருக்கும். செல்லுக்குள்ளோ கட்டற்ற மெக்னீசியம் மில்லிமோலாரை நெருங்கும், பொட்டாசியம் நூறு மில்லிமோலாரைத் தாண்டும். கால்சியத்துக்கென்றே செய்த ஃபியூரா-2, துத்தநாகத்தை அதைவிட வலுவாகப் பிடிக்கும். தாமிரம் பல சாயங்களின் ஒளியை அணைத்துவிடும்.

சாயத்தை அள்ளிப் போடுவதும் ஆபத்து: அதுவே அயனியைப் பற்றிக்கொண்டு, அளக்க வந்த ஏற்ற இறக்கத்தையே மழுங்கடிக்கும். சாயமே இடாத செல்லையும் தவறாமல் படமெடுங்கள். 340 நானோமீட்டர் ஒளியில், செல்லில் இயல்பாகவே உள்ள என்ஏடிஎச் (NADH) என்ற மூலக்கூறு தானாகவே ஒளிரும்.