ராயபுரத்தில் முறுக்குத் தராசு: நகர்ந்துகொண்டே இருந்த ஒளிப்புள்ளி

ஈர்ப்பு மாறிலியை, அதாவது பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் வலிமையைக் குறிக்கும் எண்ணை, அளப்பதற்காக ராயபுரத்தில் எங்கள் தரைத்தள அறையில் ஒரு முறுக்குத் தராசைத் தொங்கவிட்டேன். நைலான் இழையில் தொங்கும் தண்டை அருகில் வைத்த ஈயக் குண்டுகள் ஈர்க்கும்போது இழை எவ்வளவு முறுக்கேறுகிறது என்பதை, தண்டிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளி சுவரில் காட்டும். ஆனால் ஈயக் குண்டுகளை இடம் மாற்றாதபோதும் சுவரில் விழுந்த லேசர் புள்ளி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்ததால் பல நாட்கள் வீணாயின. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வோ என்று நள்ளிரவில் அளந்தேன். கண்ணாடிப் பெட்டியால் மூடினேன். நிலைமின்னேற்றம் நீங்க அலுமினியத் தாள் சுற்றி எர்த் கொடுத்தேன். பயனில்லை.

பிற்பகலில் கடற்காற்று வந்ததும் புள்ளி திசை மாறித் திரும்பியதுதான் துப்புக் கொடுத்தது. பெட்டி காற்றோட்டத்தைத் தடுத்ததே தவிர ஈரத்தைத் தடுக்கவில்லை. நைலான் இழை அதை உறிஞ்சி முறுக்கு மாறிக்கொண்டிருந்தது. மெல்லிய டங்ஸ்டன் கம்பியைப் பொருத்தி, எடையுடன் சில நாட்கள் தொங்கவிட்டு, முறுக்கு அடங்கியபின் அளந்தேன். புள்ளி நிலைகொண்டது. ஏற்கப்பட்ட 6.6743 × 10⁻¹¹ என்ற மதிப்புக்கு மிக அருகிலேயே விடை கிடைத்தது; நிம்மதியாக இருக்கிறது.